குடியானவர் குடும்ப வரலாறும் நிலக்கணக்கும்
ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஐக்கிய சங்க அங்கத்தினர் அறியவேண்டியவை

வரலாறு என்பது அரசர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரியதென்றும், ஏர் பிடிக்கும் குடியானவனுக்கு வரலாறு ஏதுமில்லை என்றும் நம்மில் பலர் எண்ணி வருகிறோம். இவ்வெண்ணம் தவறானது. குடியானவனுடைய வரலாறு காவியங்களில் இல்லை, கணக்குகளில் இருக்கிறது. அவனுடைய பாட்டன் எந்தப் புலத்தை உழுதான், எந்த ஏரியின் நீரைப் பாய்ச்சினான், யாருக்கு எவ்வளவு வாரம் அளந்தான், எந்த ஆண்டில் எந்தத் துண்டை விற்றான் என்பவையெல்லாம் ஓலையிலும் காகிதத்திலும் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் படித்து அறிந்த குடும்பம் தன் உரிமையைக் காத்துக்கொள்கிறது. அறியாத குடும்பம் இழக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுப்புறங்களில் கடந்த முப்பது ஆண்டுகளாக நஞ்செய்களும் புஞ்செய்களும் தொழிற்சாலை மனைகளாக மாறி வருவதால், இவ்விஷயம் இப்பகுதி அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் மிகவும் அவசியமானதாகும்.

இங்கிலாந்து நாட்டுக் கிராமமொன்று

முதலில் பிறநாட்டு வழக்கம் ஒன்றைக் கவனிப்போம். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் என்னும் பகுதியில் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்நாட்டின் மற்றைக் கிராமங்களில் பெரும்பாலானவற்றில் பொதுவயல்கள் வேலியடைக்கப்பட்டுத் தனித்தனிப் பண்ணைகளாகி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. லாக்ஸ்டனில் மட்டும் மூன்று பெரிய பொதுவயல்கள் இன்றளவும் பழைய முறைப்படி நீள நீளமான துண்டுகளாகப் பகுக்கப்பட்டுப் பயிரிடப்படுகின்றன. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு என ஆண்டுதோறும் முறை மாறிவரும். குளிர்காலத் தொடக்கத்தில் ஊரார் நியமித்த பஞ்சாயத்தார் வயலைச் சுற்றிப் பார்த்து, எவரேனும் பொதுவழியை உழுது கவர்ந்துகொண்டிருந்தால் அபராதம் விதிக்கிறார்கள்.

அவ்வூரில் 1635-ஆம் ஆண்டிலேயே மார்க் பியர்ஸ் என்பவர் ஒவ்வொரு துண்டையும் குறித்து வரைபடமும் கணக்கும் எழுதி வைத்தார். ஆகையால் எந்தத் துண்டு யார் கையில் இருந்தது என்பதை ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்வரை அறியலாம். இதனுடன், 1538-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவு செய்யவேண்டுமென உத்தரவாயிற்று. 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோவிலுக்குரிய தசமபாக வரியைப் பணமாக மாற்றுவதற்காக ஊர்தோறும் நிலப்படங்கள் வரையப்பட்டன. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் சாமானியமான உழவர் குடும்பம் ஒன்றின் வரலாற்றைப் பத்துத் தலைமுறைக்குமேல் எழுதிவிடலாம். அந்நாட்டில் பல குடும்பங்கள் அவ்வாறே எழுதி வைத்திருக்கின்றன.

இதில் நாம் கவனிக்கவேண்டிய வேற்றுமை ஒன்றுண்டு. அந்நாட்டில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கே சேரும் என்ற வழக்கம் 1925-ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பெரும்பாலும் நிலவியது. இளைய மக்கள் பட்டணங்களுக்கும் கப்பல் தொழிலுக்கும் அயல்நாடுகளுக்கும் போயினர். பண்ணை உடையாமல் நின்றது. லாக்ஸ்டன் உழவர்களோ பெரும்பாலும் எஸ்டேட்டின் குத்தகைக் குடிகள், நிலம் அவர்களுடையதன்று. நம் நாட்டிலோ உழுபவன் பெயரில் பட்டா ஏறுகிறது. மக்கள் அனைவருக்கும் பங்குண்டு. ஆகையால் நம் குடும்ப வரலாறு பெரும்பாலும் பங்கு பிரிந்த வரலாறாகவே இருக்கிறது.

காணியாட்சியும் ஓலைக் கணக்கும்

தொண்டைமண்டலத்தில் நிலவுரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். பிற்காலத்தில் அதையே மிராசு என்றழைத்தனர். நிலத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவது இங்கே மிகப் பழைய வழக்கம். நமக்கு அருகிலுள்ள உத்தரமேரூரில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், வரி செலுத்தும் நிலம் காலுக்குமேல் உடையவரே குடவோலையில் பெயரிடத் தக்கவர் என விதிக்கின்றன.

மிராசு ஊர்கள் இருவகைப்பட்டன. சிலவற்றில் ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதை அறுதிக்கரை என்பர். சிலவற்றில் ஊர் நிலம் முழுவதும் பொதுவாயிருந்து, குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை பங்குதாரர்களுக்குள் மாற்றிப் பகிர்ந்துகொள்ளப்பட்டது. இது கரையீடு எனப்படும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மதகடி வயலும் கடைமடை வயலும் எல்லோருக்கும் முறையாக வரவேண்டும் என்பதே இதன் நோக்கம். லாக்ஸ்டனில் ஒவ்வொருவருக்கும் மூன்று வயல்களிலும் துண்டுகள் இருப்பதும் இத்தகைய நியாயம் பற்றியே ஆகும்.

1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டார். அதன் வருமானத்தை அறிவதற்காக, தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளே அதற்கு ஆதாரம். ஓர் ஊரில் எத்தனை வீடுகள், யார் யார் காணியாளர், ஏரி எத்தனை, நஞ்செய் புஞ்செய் எவ்வளவு, கோவிலுக்கும் ஏரி மராமத்துக்கும் தச்சன், கொல்லன், குயவன், வெட்டியான் முதலியோருக்கும் விடப்பட்ட மானியம் எவ்வளவு, களத்துமேட்டில் நெற்குவியலிலிருந்து அவர்களுக்குரிய மேரையும் சுதந்திரமும் எவ்வளவு என்பன அவற்றில் விவரமாகக் காணப்படும். உள்ளாவூர், வடக்குப்பட்டு முதலிய ஊர்களின் கணக்குகளை இக்கால ஆராய்ச்சியாளர்கள் படித்து வெளிப்படுத்தியிருக்கிறார்கள். தத்தம் ஊருக்கு அக்காலத்தில் எத்தனை ஏரி, எத்தனை குடி இருந்தன என்பதை அறிய விரும்பும் சங்கங்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

அக்கணக்கு எழுதி முடிந்த சில ஆண்டுகளில் பெருந்துன்பம் வந்தது. 1780-இல் ஹைதர் அலியின் படை இச்சீமையில் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில் கும்பினிப் படை தோற்றது. குடிகள் ஊரைவிட்டு ஓடினர், ஏரிகள் உடைந்தன, காணிகள் பாழாய்க் கிடந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவர் ஏரிகளைச் செப்பனிட்டுக் குடிகளை மீண்டும் அமர்த்த முயன்றபோது, யார் காணியாளர், யார் அல்லர் என்ற வழக்கு எழுந்தது. மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரை எழுதிய விளக்கம் 1818-இல் அச்சாயிற்று. கணக்கில் பெயருள்ளவன் திரும்பி வந்து காணியைக் கேட்கலாயினான். பெயரில்லாதவனோ, தலைமுறை தலைமுறையாக உழுதிருந்தாலும், கேட்பதற்கு ஆதாரமற்றவனானான்.

கணக்கில் எழுதப்படாதவர்

மிராசுதாரரே ஊரின் உழவர் முழுவதும் அல்லர். அவர்களிடம் நிலத்தை வாங்கிப் பயிரிட்டவர்கள் பாயக்காரிகள். ஊரிலேயே நிலையாகக் குடியிருந்தவர் உள்குடி. வேற்றூரிலிருந்து வந்து பயிரிட்டுப் போனவர் பரகுடி. மிராசுதாரர் இவர்களிடம் துண்டுவாரம், குப்பத்தம் முதலிய வரும்படிகளைப் பெற்றனர். இவர்களுக்கும் கீழே, நிலத்தோடு கட்டுண்ட படியாட்கள் இருந்தனர். சேற்றில் இறங்கி நட்டவரும் அறுத்தவரும் பெரும்பாலும் இவர்களே. ஊர்க் கணக்கில் இவர்கள் வீட்டு எண்ணிக்கையாக மட்டுமே தோன்றினர். நிலத்திற்கு உரியவராகத் தோன்றவில்லை.

இரயத்துவாரி முறை வந்தபின்னும், மிராசு ஊர்களில் தரிசு நிலத்தைத் தரகாஸ்தில் கேட்க மிராசுதாரருக்கே முதலுரிமை இருந்துவந்தது. இதனால் ஆதிதிராவிட மக்கள் ஒரு காணி நிலமும் பெறமுடியாமல் இருந்ததை, செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் என்பவர் 1891-இல் சர்க்காருக்கு விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த 1010-ஆம் எண் உத்தரவின்படி அம்மக்களுக்குச் சர்க்கார் நிலம் ஒதுக்கப்படலாயிற்று. இதுவே பஞ்சமி நிலம் எனப்படுவது. பத்தாண்டுகளுக்கு அதை விற்கக்கூடாது. அதன்பின் விற்பதாயினும் அவ்வகுப்பினருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனையை அறியாமலோ, அறிந்தும் மறைத்தோ இந்நிலங்கள் பிறர் கைக்குப் போனது பல ஊர்களில் நிகழ்ந்துள்ளது. நிலம் விலையேறிய இக்காலத்தில், தம் பாட்டனுக்குக் கிடைத்த ஒப்படை இன்னதென்று எடுத்துக்காட்டக்கூடிய குடும்பமே அதை மீட்பதற்கு வழி தேடமுடியும்.

பட்டாவும் ஐக்கிய நாணயமும்

இங்கிலாந்தில் மேனர் மன்றத்தின் சுருளில் பெயரெழுதி, அதன் பிரதியைக் குடியானவன் கையில் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பிரதியே அவனுக்கு உரிமைச் சீட்டு. 1926-ஆம் ஆண்டின் முதல் நாளோடு அம்முறை ஒழிந்தது. நம் நாட்டில் சர்வே, செட்டில்மெண்டு முறைகளால் வந்த பட்டா அதைப் போன்றதேயாயினும், அதனினும் வலியது. ஏனெனில் இடையில் பிரபு இல்லாமல் குடியானவன் நேரே சர்க்காருக்குத் தீர்வை செலுத்தினான்.

பட்டா கிடைத்தவனுக்குக் கடன் கிடைக்கும். ஆனால் அக்கடன் லேவாதேவிக்காரனிடமிருந்து வந்தபோது, வட்டி ஏறி நிலமே போயிற்று. இதற்குப் பரிகாரம் தேடும்படி சென்னை சர்க்காரால் நியமிக்கப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பிய நாட்டு ஐக்கிய நாணய சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை வெளியிட்டார். 1904-ஆம் ஆண்டின் சட்டம் வந்தவுடன் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலேயே முதல் விவசாய நாணய சங்கம் பதிவாயிற்று. இன்றும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுவதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டப்படுகின்றன. ஆகவே பாட்டன் பெயரிலேயே பட்டா நின்றுவிட்ட குடும்பம், நிலம் இருந்தும் நாணயம் இல்லாத குடும்பமாகிறது.

பங்கு பிரிந்த வரலாறு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 ஏக்கர் உடைய ஒருவருக்கு மூன்று மைந்தர் எனில், ஒவ்வொருவருக்கும் 4 ஏக்கர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இருவர் எனில் 2 ஏக்கர். அதற்கடுத்த தலைமுறையிலும் இருவர் எனில், பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு 1 ஏக்கர். பன்னிரண்டு பேரில் எண்மர் சென்னையிலோ வேறு ஊரிலோ இருப்பர், நால்வரே பயிரிடுவர். பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும், பத்திரம் இராது. பட்டாவோ மூத்த சகோதரர் பெயரில் மட்டும் இருக்கும்.

1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தபோது இத்தகைய குழப்பங்கள் பல அப்படியே புதிய ஏட்டில் ஏறின. இடையில் 1980-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஊரின் குடும்பங்களையும் பங்குகளையும் மனப்பாடமாக அறிந்திருந்த கணக்கர் போனபின், ஏட்டில் எழுதியிருப்பதே எஞ்சியது. பெயர் விடுபட்டவர்களும் அளவு தவறினவர்களும் இன்றும் திருத்தம் வேண்டி மனுச் செய்து வருகின்றனர்.

பெண்மக்களின் பங்கு தனியே கூறத்தக்கது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அமலுக்கு வந்த திருத்தச் சட்டம், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடு சமபங்கு அளித்தது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமலான மத்தியச் சட்டம் மணமானவர், ஆகாதவர் என்ற வேற்றுமையை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் முன்னரே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை இச்சட்டங்கள் கலைப்பதில்லை. ஆகவே பிரிவினை எந்த ஆண்டில், எந்தப் பத்திரத்தால் நடந்தது என்பதே சகோதரியின் பங்கைத் தீர்மானிக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சகோதரிகளை அழைக்கும்போது, அவர்கள் எதை விடுகிறார்கள் என்பதைப் படித்துச் சொல்வது குடும்பத்தின் கடமையாகும்.

தொழிற்சாலைகள் வந்தபின்

1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் என்னும் அரசு நிறுவனம், 1990-களிலிருந்து இப்பகுதியில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகளை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது, சாலைகள் விரிந்தன, நில விலை முன்னோர் கனவிலும் கண்டிராத அளவுக்கு ஏறியது.

ஆயினும் நிலத்தை விட்டவன் பெறும் தொகை ஒருமுறை வருவது. தொழிற்சாலை வேலையும் என்றும் நிலைப்பதன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் வேலையிழந்தனர். நிலமும் இன்றி வேலையும் இன்றி நிற்கும் நிலைமை ஒரு குடும்பத்திற்கு வாராதிருக்க வேண்டுமாயின், கிடைக்கும் தொகை உரியவர் அனைவரிடமும் ஒழுங்காகச் சேர்ந்து, ஒழுங்காக முதலிடப்பட வேண்டும்.

தொழிலுக்கென நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று கூறியது. அவ்வாண்டே சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எச்சட்டமாயினும் அறிவிப்பு முதலில் போவது ஏட்டில் பெயருள்ளவருக்கே. பங்குதாரர்களுக்குள் வழக்கிருந்தால் இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் செலுத்தப்படுவதுண்டு. தொகை கைக்கு வருமுன் ஆண்டுகள் பல கழிந்துவிடும். குத்தகைக்குப் பயிரிடுவோரைப் பதிவதற்கு 1969-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தும், உடையவர் மனம் வருந்துமென்று பதியாதிருந்தவர்கள் பலர். நிலம் எடுக்கப்படும்போது அவர்கள் உழைப்புக்குச் சாட்சியில்லை. 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் மூன்றாண்டுகளாக அந்நிலத்தில் உழைத்து அதையே முக்கியமாக நம்பி வாழ்ந்ததை அவர்கள் காட்டவேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது மூன்று தலைமுறைக்கு வமிசாவளி எழுதிவைக்க வேண்டும். பெண்மக்கள் பெயரும், அவர்கள் மணமான ஆண்டும், இறந்தோர் இறந்த ஆண்டும் விடுபடலாகாது. முதியோர் இருக்கும்போதே இதைச் செய்தல் நன்று.

2. ஒவ்வொரு புலத்திற்கும் பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்து எழுதவேண்டும். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றின் நகல்களை ஒப்பிட்டு, அளவிலும் பெயரிலும் வேற்றுமை உண்டா என்று பார்க்கவேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை இப்பொழுது இணையவழியாகவும் பெறலாம்.

3. பட்டா மட்டும் உரிமைக்கு முடிவான ஆதாரமாகாது. மூலப்பத்திரம் முதல் இன்றுவரை பத்திரங்கள் தொடர்ச்சியாக உள்ளனவா என்று நோக்கி, பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பெறவேண்டும்.

4. உடையவர் இறந்தபின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றத் தாமதிக்கலாகாது. நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபின் ஓடுவது, ஏரி உடைந்தபின் கரை போடுவதற்கு ஒப்பாகும்.

5. வாய்மொழிப் பிரிவினைகளைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யவேண்டும். குத்தகைக்குப் பயிரிடுவோர் தம் பெயரைப் பதியச் செய்யவேண்டும். அடங்கலில் உள்ள பயிர் விவரத்தையும் ஆண்டுதோறும் சரிபார்க்கவேண்டும்.

6. பஞ்சமி நிலமோ நிபந்தனை ஒப்படை நிலமோ கைமாறும் என்று கேள்விப்பட்டால், வாங்குவோரும் விற்போரும் முதலில் 'அ' பதிவேட்டைப் பார்க்கவேண்டும்.

இவற்றைத் தனியொரு குடும்பம் செய்வது கடினம். எழுதப் படிக்க அறிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் கணக்கின் மொழி எளிதில் விளங்குவதில்லை. இங்கேதான் சங்கம் பயன்படவேண்டும். ஆண்டில் ஒரு மாதத்தை இதற்கென ஒதுக்கி, காரியதரிசியும் விஷயமறிந்த அங்கத்தினர் இருவரும் அமர்ந்து, குடும்பம் குடும்பமாகத் தஸ்தாவேஜுகளைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். கடன் மனுக்களோடு வரும் சிட்டாவும் அடங்கலும் சங்கத்திற்குப் புதியவை அல்லவாதலால், இவ்வேலைக்கு வேண்டிய பழக்கம் அவர்களிடம் முன்னரே இருக்கிறது. நிலமற்ற அங்கத்தினரையும் இதில் விட்டுவிடலாகாது. அவர்கள் எந்த நிலத்தில், எத்தனை ஆண்டு, யாரிடம் உழைத்தார்கள் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

பர்னார்டு காலத்து ஓலையில் பெயரேறிய குடும்பங்கள் தம் காணியைக் கேட்க ஒரு பிடி பெற்றன. ஏறாத குடும்பங்கள் நூறாண்டுக்கு மேல் காத்திருந்தன. அவ்வோலையை எழுதியவர் சர்க்கார் கணக்கர். நம் காலத்து ஏட்டில் பெயரேற்றிக்கொள்ளும் வழி குடியானவர் கையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. உழைத்தவர் எவரும், பங்குக்குரிய பெண் எவரும் விடுபடாதபடி அவ்வழியைப் பயன்படுத்தும்படி சங்க அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.